அரைப்பேர்

காலை ஆறு பத்து. முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் உள்ளங்கை. அதில் ஒரு கரண்டிச் சீனி இருந்தது. சமையலறை வாசலில் நின்றபடி அதை நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு, மற்றக் கையிலிருந்த சாயத்தண்ணியை உறிஞ்சிக்கொண்டிருந்தார். பாலில்லாத தேநீரைத் தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் குடிப்பார்கள். அப்பா அதை எப்போதும் அம்மாவுக்கும் அத்தைக்கும் முன்னால் நின்று குடிப்பார்.

அம்மாவுக்கும் அத்தைக்கும் சீனி வியாதி. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கணவர் இறந்த பிறகு எங்களோடு வந்து இருப்பவர். வலது காலில் இரண்டு விரல்களைச் சீனிக்குக் கொடுத்தவர். இருவரும் அடுப்பருகே பலகையில் உட்கார்ந்து வெறும் சாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தங்கச்சி, கசக்குதா?" என்றார் அப்பா.

"நீ நல்லா நக்குண்ணே. நாளைக்கு எறும்பு உன்னயத் தேடித்தான் வரும்."

"என்னயத் தேடி ஏன் வருது? நீங்க ரெண்டு பேரும் போற கக்கூஸுக்குத்தான் வரிசையாப் போகுது. காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போற மாதிரி."

அம்மா சிரிக்கவில்லை. அத்தை சிரித்தார். சிரித்துவிட்டு, கட்டுப் போட்டிருந்த காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பதுளையில் ஒரு பத்திரிகைக்குச் செய்தி எழுதும் வேலையிலிருந்த நான் முந்தின நாள் கடைசி பஸ்ஸில் மடுல்சீமைக்கு வந்திருந்தேன். என் தங்கையைப் பெண் பார்க்கப் பதுளைக் கடைவீதியிலிருந்து வருகிறார்கள் என்று அப்பா தொலைபேசியில் சொல்லியிருந்தார். புடவைக்கடைக்காரர்கள். தங்கைக்கு முப்பது கடந்திருந்தது. தோட்டத்தின் பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் விட்டுச் செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இருந்தாள். இதற்கு முன் வந்த இடம் ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் போயிருந்தது.

அது நடந்த விதம் இது. வெலிமடைப் பக்கமிருந்து வந்தவர்கள் முன் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தட்டை எடுத்துக்கொண்டு புறப்படும்போது உள்ளேயிருந்து அத்தை, பழக்கதோஷத்தில், "எனக்கும் உங்கம்மாவுக்கும் சீனி போட்டுறாத" என்று சத்தமாகச் சொன்னார். வந்திருந்த மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பேசியதெல்லாம் மழையைப் பற்றி. இப்போதெல்லாம் கடைவீதியில் பெண் எடுக்கிறவர்கள் ஜாதகத்துக்கு முன்னால் இதைத்தான் கேட்கிறார்கள். தாய் தகப்பன் இரண்டு பக்கமும் சீனி என்றால் பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்பது கணக்கு. "செவ்வாய் தோஷத்துக்குப் பரிகாரம் இருக்கு, சீனிக்கு என்ன இருக்கு?" என்று புடவைக்கடை அம்மா கேட்டதாகத் தரகர் வந்து சொன்னார். அதற்கு அப்பா, அத்தையைப் பற்றி வாய் திறக்காமல், கொடுத்த பதில், தகப்பன் பக்கம் சுத்தம் என்பது. தங்கையின் கல்யாணம் அதன்மேல் நின்றது.

அப்பாவுக்குச் சீனி வியாதி இல்லை. அது உண்மை.

அவர் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் நின்றவர். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ பறிக்க வேண்டும் என்று தோட்டம் வைத்திருக்கும் அளவை நோம் என்பார்கள். நோமைத் தொட்டால் முழுப்பேர், முழு நாள் சம்பளம். தொடாவிட்டால் அரைப்பேர். மற்றக் கணக்கப்பிள்ளைமார் கால் கிலோ அரைக் கிலோவைக் கண்டும் காணாமல் விடுவார்கள். அப்பா விடமாட்டார். தராசு முள் கோட்டுக்கு ஒரு நூல் இந்தப் பக்கம் நின்றால் அரைப்பேர்தான். பாடசாலை விட்டு வரும்போது நான் நிறுவைக் கொட்டிலில் நின்று பார்த்திருக்கிறேன். நிறைமாதக்காரி ஒருத்தி, "புள்ளைத்தாச்சிங்க ஐயா, கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்றாள். அப்பா பென்சிலை எடுத்தபடி, "இது புள்ளைய நிறுக்கிற தராசு இல்லம்மா" என்றார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்களுடைய கூடை இன்னும் நிறுக்கப்படவில்லை.

அந்த ஞாயிறுக்குச் சில வாரங்கள் முன்பு அவருக்குப் பல்வலி வந்தது. கீழ்த் தாடை, இடது பக்கம். விநோதமான பல்வலி. உட்கார்ந்திருந்தால் வலிக்காது, சாப்பிட்டால் வலிக்காது, ரோட்டிலிருந்து வீட்டுக்கு ஏறி வரும் மேட்டில் மட்டும் வலிக்கும். பதுளைக்கு வந்து ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொண்டார். பிடுங்கிய பல் நல்ல பல். மறு வாரம் மேட்டில் ஏறும்போது பல் இல்லாத இடம் வலித்தது. பல் வைத்தியர்தான் அவரை வேறொரு டொக்டரிடம் போகச் சொன்னார்.

நான் கூடப் போனேன். டொக்டர் சிங்களப் பெண், நடுத்தர வயது. அப்பாவுக்கு என்னைவிட நன்றாகச் சிங்களம் தெரியும். காலையில் வெறும் வயிற்றோடு கொடுத்த இரத்தத்தில் சீனி நூற்றுப் பத்தொன்பது என்று வந்திருந்தது. டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, "நீரிழிவு என்று சொல்ல முடியாது" என்றார். அப்பா என் பக்கம் திரும்பினார். பரீட்சை முடிவு கேட்டவரின் முகம்.

டொக்டர் நிறுத்தவில்லை. சீனி இந்த அளவைத் தாண்டினால் அதற்கு ஒரு நோயின் பெயர் கொடுக்கிறோம், அவ்வளவுதான் என்றார். தாண்டாதவனின் இரத்தத்திலும் சீனி இருக்கிறது. கோடு எங்கே இருக்கிறது என்று இருதயத்துக்குப் போகும் குழாய்களுக்குத் தெரியாது. சீனி ஏற ஏற அவற்றுக்கு ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது, கோட்டுக்குக் கீழேயும்தான். சீனி மட்டும் என்றால் சின்ன விஷயம். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது, கொழுப்பு இருக்கிறது, புகையிலை போடுகிறீர்கள். எல்லாம் ஒரே கூடையில் விழுகிறது. தாடையில் வருவது பல்வலி இல்லை. இன்றைக்கே ஈசிஜி எடுங்கள், இங்கே வசதியில்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"அப்ப கோடு எதுக்கு டொக்டர் போட்டிருக்கீங்க?" என்று அப்பா கேட்டார்.

"எங்களுக்கு எழுத வசதியாக," என்றார் டொக்டர்.

அப்பா சிரித்துவிட்டார். வெளியே வந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போதும் சிரித்தார். "கேட்டியா தம்பி? நோமுக்குக் கீழ நிக்கிறவனுக்கு முழுப்பேர் போடச் சொல்லுது அந்தம்மா. நா இத்தன வருசம் கோட்டப் பாத்து எழுதுனவன். கால் கிலோ கொறஞ்சாலும் கொறஞ்சதுதான். எனக்கு சீனியில அரைப்பேர்கூட விழாது."

ஈசிஜி எடுக்கும் இடம் கடைவீதியில் இருந்தது. புடவைக்கடைக்கு நேர் எதிர் மாடி. அதன் படியில் அவர் ஏறுவதைக் கடைப் பையன் ஒருவன் பார்த்தால் போதும், சாயந்திரத்துக்குள் கதை முடிந்துவிடும் என்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் வார்ட்டில் போட்டுவிடுவார்கள், பார்க்க வருகிறவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள் என்றார். பெண் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்றார். டொக்டர் கொடுத்த மாத்திரைகளை வாங்கிக்கொண்டார். வலி வந்தால் நாக்குக்குக் கீழே வைக்க வேண்டிய சின்ன மாத்திரையும் அதில் ஒரு குப்பியில் இருந்தது.

ஞாயிறு காலை, சீனியை நக்கி முடித்துக் கையைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் தங்கை இதைப் பேசினாள்.

"ஈசிஜி எடுத்துட்டு அப்புறமா இவங்கள வரச் சொல்லியிருக்கலாமேப்பா. நான் இன்னும் ஒரு வருசம் இருந்துக்கிட்டா என்ன கொறஞ்சு போகுது?"

"இன்னும் ஒரு வருசம் போனா உன்னயப் பொண்ணு பாக்க வரமாட்டாங்க. உம் மகள எங்கன்னு கேட்டு வருவாங்க."

தங்கை கோப்பைகளைத் துடைத்தாள். அப்பா அன்றைய ஏற்பாட்டை எல்லோருக்கும் சொன்னார். எல்லாக் கோப்பையிலும் சீனி. அம்மாவும் அத்தையும் முன் அறைக்கு வந்து எல்லோருக்கும் தெரியும்படி குடிக்க வேண்டும். முகம் சுளிக்கக் கூடாது. அத்தை வெள்ளை வேட்டித் துணியைக் காலிலிருந்து அவிழ்த்துவிட்டு மேசு, அதாவது காலுறை, போட வேண்டும்.

"புண்ணு மேல மேசு போட்டா ஒட்டிக்கிருமேண்ணே."

"ஒட்டுனா சாயந்திரம் பிச்சுக்கலாம். ஒரு நாளைக்கு."

அத்தை போட்டுக்கொண்டார்.

பதினொரு மணியளவில் வேன் வந்தது. எங்கள் குவாட்டர்ஸ் வரை வண்டி ஏறாது. ரோட்டில் நிறுத்திவிட்டுத் தேயிலை மலைக்குள் மேலே நடந்து வர வேண்டும். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவர்களை எதிர்கொள்ளக் கீழே போனார். புறப்படுமுன் சட்டைப் பையிலிருந்த மாத்திரைக் குப்பியை எடுத்து ஜன்னலில் வைத்தார். மெல்லிய சட்டையில் அது துருத்திக்கொண்டு தெரிந்தது. நான் அதை எடுத்து நீட்டினேன். "சலங்கை கட்டுன காலு மாதிரி குலுங்குதுடா அது," என்று தள்ளிவிட்டுப் போனார்.

நான்கு பேர் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அவருடைய தாய்மாமன், தரகர். மேட்டில் ஏறும்போது அப்பா முன்னால் நடந்தார். முதல் வளைவில் நின்று, கையை நீட்டி, "அந்தா தெரியுது பாருங்க, அதுதான் நம்ம தோட்டத்து பெக்டரி," என்றார். எல்லோரும் பார்த்தார்கள். கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்று கோயிலைக் காட்டினார். மூன்றாவது தடவை நின்றபோது அவர் காட்டிய திசையில் பனிமூட்டம் தவிர ஒன்றுமில்லை. இடது கை தாடையில் இருந்தது.

"என்னங்க, மூச்சு வாங்குதா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்.

"எனக்கென்னங்க. பொறந்ததுலேருந்து ஏறுற மேடு. நீங்க களைச்சுப் போயிருவீங்கன்னு நின்னேன்."

"தோட்டத்து ஆளுங்களுக்கு மேடு பழக்கம்தான்," என்றார் அவர்.

முன் அறையில் தங்கை தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா தங்கையை ஒரு தடவைதான் பார்த்தார். பிறகு கோப்பைகளைப் பார்க்கத் தொடங்கினார். தன் கோப்பையை வாயருகே வைத்துக்கொண்டு, குடிக்காமல், அதன் விளிம்புக்கு மேலாக ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். அம்மா மடக்கென்று குடித்துவிட்டார். அத்தை மெதுவாக, ரசிப்பவர் போலக் குடித்தார். பல வருடங்களுக்குப் பிறகு சீனி போட்ட தேத்தண்ணி. உண்மையிலேயே ரசித்திருக்கலாம்.

"யாருக்கும் சீனி கொறச்சுப் போடுற பழக்கம் இல்லையாக்கும்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"நம்ம வீட்ல அந்தப் பேச்சே இல்லைங்க," என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் அம்மா தாங்கள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியை அவிழ்த்தார். பூந்தி லட்டு, ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் அளவு. அதில் ஒன்றை எடுத்துத் தானே அப்பாவிடம் நீட்டினார். அப்பா வாங்கித் தின்றார். இன்னொன்றை நீட்டினார். அதையும் தின்றார். ஒருவர் லட்டுத் தின்பதை இத்தனை பேர் இவ்வளவு கவனமாகப் பார்த்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. மூன்றாவதை நீட்டியபோது அப்பா ஒரு கணம் தயங்கினார்.

"ஏங்க, பயமா இருக்கா?"

"பயமா? நாலாவதும் இருக்கான்னு பாத்தேங்க."

சிரிப்பு எழுந்தது. அது அடங்குவதற்குள் தாய்மாமன் தன் கைப்பையைத் திறந்தார். அவருக்கே சீனி இருந்தது. போகிற இடமெல்லாம் சீனி பார்க்கும் மெசினைக் கொண்டுபோகிறவர்.

"தப்பா எடுத்துக்காதீங்க கணக்கப்புள்ள. சும்மா வெளையாட்டுக்கு. எனக்கு எப்படியும் இப்ப பாக்கணும், அப்படியே உங்களுக்கும் ஒன்னு பாத்துருவோம்."

தரகர் எழுந்து வெளியே பார்த்தார். தாய்மாமன் வெற்றிலைத் தட்டை நகர்த்தி அந்த இடத்தில் மெசினை வைத்தார். அப்பா விரலை நீட்டினார். ஊசி குத்தி, சொட்டு எடுத்து, தாளில் ஒற்றி, எல்லோரும் குனிந்தார்கள். மாப்பிள்ளையும் தொலைபேசியிலிருந்து தலையைத் தூக்கினார்.

நூற்று அறுபத்தெட்டு.

"கூடவா கொறச்சலா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"சாப்பிட்டப்புறம் எரநூறுக்குக் கீழன்னா சீனி இல்லைங்க," என்று அப்பா முந்திக்கொண்டார். "நீங்க எந்த டொக்டரை வேணும்னாலும் கேளுங்க."

தாய்மாமன் ஒப்புக்கொண்டார். "இருக்காது அக்கா. மூணு லட்டுத் தின்ன மனுசன். இந்த நம்பர் எனக்குக் காலையில வெறும் வயித்திலயே வரும்." பிறகு அப்பாவின் தோளில் தட்டினார். "பெரிய அதிஷ்டம் உங்களுக்கு. சாகுற வரைக்கும் லட்டுத் திங்கலாம்."

"பொண்ணுக்கும் பாத்துரு," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தங்கை தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலைக் கொடுத்தாள். குத்தும்போது அவள் கையைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் எண் வருகிறதா என்று மெசினைப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்பத்தொன்பது வந்தது. "நல்லது. புள்ள பசியோட இருக்கு," என்றார் வருங்கால மாமியார்.

அம்மாவின் கை சேலைத் தலைப்புக்குள் போயிருந்தது. அது மாப்பிள்ளையின் அம்மா கண்ணில் பட்டது. சிரித்தபடி, "உங்களுக்கு வேணாம். நீங்களா எங்க வீட்டுக்கு வாழ வரப்போறீங்க?" என்றார். தெரிந்துகொண்டுதான் பேசினார். தெரிந்துகொண்டதாகக் காட்டவும் செய்தார். பேச்சு முடிந்தது. இடம் பிடித்திருக்கிறது, நாள் பார்த்துச் சொல்கிறோம் என்றார்கள். அப்பா வெற்றிலை போட்டார், வழக்கத்தைவிடப் பெரிய துண்டுப் புகையிலையோடு.

வழியனுப்ப அப்பாவும் நானும் ரோடு வரை போனோம். இறங்கும்போது அவருக்கு ஒன்றுமில்லை. தாய்மாமனோடு பேசிக்கொண்டே வேகமாக இறங்கினார். வேனருகில் தாய்மாமன் என்னை நிறுத்தி, பத்திரிகையில் கடை விளம்பரம் போடுவதைப் பற்றி விசாரித்து, தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். அப்பா, "நீ பேசிட்டு வா தம்பி, நா போயி ஒங்கம்மாகிட்ட சொல்றேன்," என்று மேலே புறப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை மேலே கொண்டுபோக அவருக்கு அவசரம்.

அன்று ஞாயிறு என்றாலும் மலையில் பெண்கள் இருந்தார்கள். கைக்காசுக்கு, அதாவது அன்றன்றைய கூலிக்கு, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். வேன் கிளம்பிய பிறகு நான் ஏறத் தொடங்கியபோது மேலே அவர்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அடியே, கணக்கப்புள்ள ஒக்காந்துட்டாருடி."

"பாதி மலையிலயேவா? அப்ப அரைப்பேர் போடுங்கடி."

"அரைப்பேர் என்ன? அவரு பேர வெட்டி விடு."

வளைவு திரும்பியதும் பார்த்தேன். மதகுச் சுவரில் அப்பா உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. வெற்றிலைச் சாறு வாயோரம் வழிந்தது. தாடையிலிருந்த கை நெஞ்சுக்கு வந்திருந்தது. என்னைப் பார்த்து, "பல்லு," என்றார்.

நான் கத்தியதும் பெண்களின் சிரிப்பு நின்றது. இருவர் சரிவில் சறுக்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். நான் ஒருத்தியை வீட்டுக்கு ஓடி ஜன்னலிலிருக்கும் குப்பியை வாங்கி வரச் சொல்லிவிட்டுத் தாய்மாமனுக்குத் தொலைபேசி எடுத்தேன். மடுல்சீமை ரோடு மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குவது. மதகில் நின்றால் கீழே இரண்டாவது வளைவு தெரியும். வெள்ளை வேன் அங்கே போய்க்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ தணிந்த குரலில் எதையோ சொன்னார்கள்.

"நாங்க பசறைக்குக் கிட்ட வந்துட்டமே தம்பி," என்றார் தாய்மாமன். "திரும்பி வர நேரமாகும். நீங்க அங்கயே ஒரு வண்டியப் பாருங்க."

பசறைக்குப் போக இன்னும் கிட்டத்தட்ட முழுத் தூரமும் இருந்தது. வேன் அந்த வளைவில் ஒரு நிமிடம் நின்றது. பிறகு போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா சொன்னதைத் தரகர் பின்னால் ஒரு நாள் என்னிடம் சொன்னார். நல்ல காரியத்துக்கு எடுத்த வண்டியில் சாகக் கிடக்கிறவனை ஏற்றக் கூடாது என்றாராம்.

கொழுந்து ஏற்ற வந்த ட்ரெக்டர்தான் கிடைத்தது. பெண்கள் தங்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து இரண்டைச் சேர்த்துப் பிடித்து அவரை அதில் கிடத்தித் தூக்கினார்கள். அவர் கனமானவர். இறக்கத்தில் ஒருத்தி, மூச்சுவாங்கியபடி, "ஐயா நல்ல நிறுவைதான்," என்றாள். அதில் கேலி இருந்ததா என்று எனக்கு இன்னமும் தெரியாது. அவளுடைய முகம் அழுதுகொண்டிருந்தது. மாத்திரை வந்து சேர்ந்தபோது அவர் வாயைத் திறக்கவில்லை. கன்னத்தில் அடக்கியிருந்த வெற்றிலையைத் தோண்டி எடுத்துவிட்டு உள்ளே வைத்தேன். கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவில் படுக்க வைத்துக் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் அவரை இறக்கவேயில்லை. டொக்டர் ட்ரெக்டர் பெட்டியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

வீட்டில் அத்தையின் மேசு புண்ணோடு ஒட்டியிருந்தது. அதை யாரும் கழற்றிவிடவில்லை. மேசோடேயே உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். "எல்லாச் சீனியும் எங்களுக்கு இருக்க, ஒன்னுமில்லாத நீ போனியே" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சாவுக்கு வந்தவர்களும் அதைத்தான் கேட்டார்கள். சீனியும் இல்லையே, எப்படி? ஒவ்வொருவரும் கேட்டார்கள். டொக்டர் சொன்னதை நான் ஆரம்பத்தில் சிலருக்குச் சொல்லிப் பார்த்தேன். கோட்டுக்குக் கீழே இருந்தாலும் இருதயத்துக்கு ஆபத்து உண்டு, பிரஷரும் புகையிலையும் சேர்ந்தால் இன்னும் உண்டு என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஆனா சீனி இல்லதானே?" என்றார்கள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

தாய்மாமன் மலர்வளையத்தோடு வந்திருந்தார். மெசினில் தானே பார்த்ததை நான்கைந்து பேருக்குச் சொன்னார். எண்ணையும் சொன்னார். "கண்ணூறு," என்றார் கடைசியில். "இந்த வயசுல சீனி இல்லாத மனுசன். அத்தனை பேரு பாத்தோமே."

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறு வாரம் தரகர் வந்தார். தங்கையும் நானும் வாசலில் நின்று பேசினோம். புடவைக்கடைக்காரர்கள் நாள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள் என்றார்.

"அப்பாவுக்குச் சீனி இல்லைன்னு நாங்க பொய் சொல்லலையே," என்றாள் தங்கை.

"அத அவங்களும் சொல்றாங்கம்மா. பொய் இல்லதான். ஆனா ஹார்ட்டப் பத்தி ஏன் ஒன்னும் சொல்லலன்னு கேக்குறாங்க."

"அவங்க கேக்கலையே."

"அதான் இப்ப எங்க போனாலும் அதைத்தான் மொதல்ல கேக்குறாங்க. பொண்ணோட அப்பா ஈசிஜி எடுத்திருக்காரான்னு. சீனியக் கேக்குறதில்ல."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனாள். அங்கே அவளுக்காகக் குழந்தைகளோடு தாய்மார் காத்திருந்தார்கள்.

புடவைக்கடைக்காரர்கள் அந்த வருடமே லுணுகலையில் பெண் எடுத்தார்கள். பெண்ணின் அப்பா பல வருடங்களாக இன்சுலின் போடுகிறவர்.